மண்டையோட்டு அளவும் மாந்தத் தகுதியும்

முன்னுரை

மனிதன் யார் என்னும் வினாவிற்கு அறநூலும் மெய்யியலும் இலக்கணமும் தத்தம் வழியில் விடை கூறியுள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உடற்கூற்றியலும் அதற்கு விடை கூற முற்பட்டது. அதன்பொருட்டு அது கையில் எடுத்துக்கொண்ட முதன்மைச் சான்று மண்டையோடு. மனித மண்டையோட்டையும் வாலில்லாக் குரங்கினத்தின் மண்டையோட்டையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு இரண்டு வினாக்கள் எழும். இவை எவ்வாறு வேறுபடுகின்றன என்பது ஒன்று. இவ்வேறுபாடு ஒன்றை மற்றொன்றினும் உயர்ந்ததாக்குகிறதா என்பது மற்றொன்று. முன்னது அளந்து அறியத்தக்கது. பின்னது எந்த அளவுகோலுக்கும் அகப்படாதது. இவ்விரு வினாக்களும் ஒன்றெனக் கொள்ளப்பட்டபோது அறிவியலின் பெயரால் அறத்திற்குப் பிழை நேர்ந்தது.

படிமலர்ச்சி அறிவியல் கண்ட மண்டையோட்டு வேறுபாடுகள், அவ்வளவுகோல் மனிதர்மீதே திருப்பப்பட்ட வரலாறு, மும்பையில் பயின்றும் பணியாற்றியும் சிறந்த அறிஞர் மூவர் அதற்கு அளித்த மறுமொழி ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மரபியலும் திருக்குறளும் இவ்வினாவில் எங்கு நிற்கின்றன என்பதையும், ஆதிச்சநல்லூர், கொந்தகை மண்டையோடுகளைத் தமிழாய்வு எந்நோக்கில் அணுகுதல் தகும் என்பதையும் இறுதியில் எடுத்துரைக்கிறது.

மண்டையோடு காட்டும் வேறுபாடுகள்

மனிதன் இன்றுள்ள குரங்கிலிருந்து தோன்றினான் என்பது பொதுவழக்கில் நிலவும் பிழையான கூற்று. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை இனம் ஒன்று இருந்தது என்பதும், அதிலிருந்து இரு கிளைகளும் ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்பதுமே அறிவியல் கூறுவது. ஆகவே சிம்பன்சி மனிதனின் பாட்டன் அன்று. உறவுமுறையில் கூறின் பங்காளி. இரு கிளைகளும் ஒரே கால அளவு வளர்ந்து வந்தவை.

இரு மண்டையோடுகளுக்கும் உள்ள வேறுபாடுகளுள் முதலில் சுட்டத்தக்கது மூளைப்பெட்டியின் கொள்ளளவு. சிம்பன்சியின் மூளைப்பெட்டி ஏறத்தாழ 400 கன சென்டிமீட்டர். கொரில்லாவினது ஏறத்தாழ 500. இன்றைய மனிதனது சராசரியாக 1,350. சிம்பன்சியின் நெற்றி பின்னோக்கிச் சாய்ந்தது, கண்களுக்கு மேல் தடித்த புருவமேடு உடையது, தாடை முன்துருத்தியது, கோரைப்பல் நீண்டது. ஆண் கொரில்லாவின் உச்சியில் எலும்பு வரம்பு ஒன்று எழும். வலிய தாடைத் தசைகள் பற்றுவதற்குரிய இடம் அது. மனிதனிடம் நெற்றி நிமிர்ந்துள்ளது. முகம் மூளைப்பெட்டியின் கீழ் ஒடுங்கியுள்ளது. பல்வரிசை பின்னோக்கி அகன்ற வளைவாக அமைந்துள்ளது. மோவாய் என்னும் முன்னெலும்பு முனைப்பு மனிதனுக்கே உரியதாக உள்ளது.

இவற்றினும் ஆழ்ந்த பொருளுடைய வேறுபாடு கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. தண்டுவடம் மூளையைச் சென்று சேரும் பெருந்துளை சிம்பன்சியின் மண்டையோட்டில் பின்புறம் தள்ளி அமைந்துள்ளது. மனித மண்டையோட்டில் அது அடிப்பகுதியின் நடுவில் உள்ளது. நிமிர்ந்து நடக்கும் உடலின்மேல் தலை நிகராக அமர்தற்கு இதுவே ஏற்ற இடம். தென்னாப்பிரிக்காவில் தாவுங் என்னும் இடத்தில் 1924-இல் கிடைத்த குழந்தை மண்டையோட்டை ஆராய்ந்த ரேமண்ட் டார்ட், இத்துளையின் இடத்தைக் கொண்டே அவ்வினம் இரு காலில் நடந்தது என 1925-இல் அறிவித்தார். அதன் மூளையோ குரங்கின் அளவை ஒத்தது. மூளை பெருப்பதற்கு முன்பே கால்கள் நிமிர்ந்துவிட்டன என்னும் செய்தியை அன்றைய அறிஞருலகம் எளிதில் ஏற்கவில்லை.

ஏற்காமைக்கு ஒரு காரணம் இருந்தது. இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்னும் இடத்தில் கிடைத்ததாக 1912-இல் அறிவிக்கப்பட்ட மண்டையோடு பெரிய மூளைப்பெட்டியும் குரங்குத் தாடையும் கொண்டிருந்தது. மனிதனை மனிதனாக்கியது முதலில் மூளையே என நம்ப விரும்பியோர்க்கு அது உவப்பான சான்றாயிற்று. மனித மண்டையோட்டுடன் உராங்குட்டானின் தாடையை இணைத்துச் செய்த மோசடி அது என்பது 1953-இல் வெளிப்பட்டது. நாற்பதாண்டுக் காலம் அப்பொய் நிலைத்ததற்குச் செய்தவரின் திறமையைக் காட்டிலும் பார்த்தவரின் விருப்பமே பெருங்காரணம் எனலாம்.

வளர்ச்சி நிலையும் நோக்கத்தக்கது. சிம்பன்சிக் குட்டியின் மண்டையோடு உருண்டையானது, நெற்றி நிமிர்ந்தது, முகம் சிறியது. அது மனித மண்டையோட்டைப் பெரிதும் ஒத்திருக்கும். வளர வளரவே தாடை துருத்திப் புருவமேடு தடிக்கிறது. பிறக்கும்போது சிம்பன்சியின் மூளை முழுவளர்ச்சியில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கினை எட்டியிருக்கும். மனிதக் குழந்தையின் மூளை மூன்றில் ஒரு பங்கையும் எட்டியிராது. எஞ்சிய வளர்ச்சி தாயின் மடியிலும் உறவினர் நடுவிலும் மொழியின் ஒலியிலும் நிகழ்கிறது. மனித மூளை தன் அளவால் மட்டுமன்றி, நெடுங்காலம் பிறரைச் சார்ந்து வளர்வதாலும் மனித மூளையாகிறது. இச்செய்தியை எந்த அளவுகோலும் எண்ணாகக் காட்டாது.

ஏணியன்று, கிளை

இவ்வேறுபாடுகளை ஒரே நேர்வரிசையில் அடுக்கி, கீழ்ப்படியில் குரங்கும் மேற்படியில் மனிதனும் நிற்பதாக வரையும் வழக்கம் உண்டு. புதைபடிவச் சான்றுகள் இவ்வேணிப் படிமத்திற்கு இடம் தருவதில்லை. நியாண்டர்தால் மனிதரின் மூளைப்பெட்டி இன்றைய மனிதருடையதை ஒத்தது. சிலவற்றில் அதனினும் பெரியது. எனினும் அவ்வினம் மறைந்தது. இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவில் 2003-இல் கண்டறியப்பட்ட சிற்றுருவ மனித இனத்தின் மூளை சிம்பன்சியின் மூளையளவே இருந்தது. எனினும் அவ்வெலும்புகளுடன் கற்கருவிகளும் கிடைத்தன. இன்றைய மனிதரிடையேயும் இவ்வுண்மை பொருந்தும். உருசிய எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2 கிலோகிராம் எடையுடையது. 1921-இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அனதோல் பிரான்சின் மூளை அதில் ஏறத்தாழப் பாதியே. இவ்விருவர்தம் எழுத்தை எடையால் தரம் பிரிக்க எந்தத் திறனாய்வாளரும் முன்வரார்.

துண்டுச் சான்றைக் கொண்டு முழு மனிதனைப் புனைந்துவிடும் இடர்க்கு இந்திய மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில், இன்றைய இமாசலப் பிரதேசத்தின் ஹரிதல்யாங்கர் பகுதியில், எட்வர்ட் லூயிஸ் 1932-இல் ஒரு தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். 1934-இல் அதற்கு இராமாபிதெக்கசு எனப் பெயரிட்டார். உடன் கிடைத்த பிறவற்றிற்குப் பிரமன் பெயரும் சுக்கிரீவன் பெயரும் அமைந்தன. 1960-களில் அத்தாடைத் துண்டுகளின் வளைவைக் கொண்டு இவ்வுயிரே மனிதக் கிளையின் முதல்வன் எனச் சிறந்த அறிஞர்கள் கருதினர். பாடநூல்களும் அவ்வாறே எழுதின. பாகிஸ்தானின் பொத்வார் மேட்டுநிலத்தில் கிடைத்த ஏறத்தாழ முழுமையான முகவெலும்பினை 1982-இல் டேவிட் பில்பீம் வெளியிட்டபோது அது உராங்குட்டானின் உறவு எனத் தெரியவந்தது. அதனை முன்னர் மனித மூதாதை எனக் கொண்டவர்களுள் பில்பீமும் ஒருவர். சான்று வந்தபோது தம் கொள்கையைக் கைவிட்டமை அறிவியலின் பெருமை. துண்டொன்றில் தன் முகத்தைக் காணத் துடிக்கும் மனித விழைவு அதன் எல்லை.

அளவுகோல் மனிதர்மேல் திரும்பியது

குரங்கினத்தையும் மனிதனையும் பிரித்தறிய உருவான அளவுகோல் விரைவில் மனிதரையே தரம் பிரிக்கும் கோலாயிற்று. டச்சு உடற்கூற்றியலார் பெத்ரூஸ் காம்பர் முகக்கோணம் என்னும் அளவினை வகுத்தார். அவர்தம் வரைபடத்தில் உராங்குட்டானுக்கு 58 பாகை, ஆப்பிரிக்கருக்கு 70 பாகை, ஐரோப்பியருக்கு 80 பாகை, கிரேக்கச் சிலைக்கு 100 பாகை என வரிசை அமைந்தது. காம்பர் மாந்தர் யாவரும் ஒரே மூலத்தினர் என நம்பியவர். ஆனால் அவ்வரிசையைப் பின்வந்தோர் தரவரிசையாகப் படித்தனர். வரிசையின் உச்சியில் நிற்பது உயிருள்ள மனிதனது தலையன்று, சிற்பி செதுக்கிய கல் என்பதே அவ்வளவின் இயல்பைக் காட்டிக்கொடுக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்போக்கு வலுத்தது. செருமானிய உயிரியலார் கார்ல் ஃபோக்ட் 1867-இல், பிறப்பிலேயே சிறுத்த தலையுடன் பிறந்தோரைக் குரங்குமனிதர் எனப் பெயரிட்டு எழுதினார். மூளையளவே மனிதத் தகுதியின் அளவு எனக் கொள்ளும் கொள்கை சென்று சேரும் இடம் இதுவே. ஒரு தாய் பெற்ற குழந்தையை அக்கொள்கை மனித எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. கொள்கையொன்றின் அறப்பிழையை அறிய அதன் முடிவில் நிற்கும் உயிரின் முகத்தை நோக்கினாலே போதுமானது.

இந்தியாவில் இவ்வளவுகோல் சாதியின்மேல் நீண்டது. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஆணையராக விளங்கிய எர்பர்ட் ரிசுலி, மண்டையோட்டு அளவையியலின் வழிவந்த மூக்குக் குறியீட்டை உயிருள்ள மனிதரிடம் கையாண்டார். மூக்கின் அகலத்தை அதன் நீளத்தோடு ஒப்பிட்டு நூற்றுவீதமாகக் கூறுவது இக்குறியீடு. ஒரு சாதியின் மூக்கு அகன்றிருக்குமளவிற்கு அதன் சமூகநிலை தாழ்ந்திருக்கும் என்பது அவர்தம் முடிவு. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டனும் தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து அட்டவணைகளாக்கினார். கே. ரங்காச்சாரியின் துணையுடன் அவர் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்னும் தொகுப்பு இன்றளவும் தமிழாய்வாளர் கைக்கொள்ளும் நூல். வழக்காறுகளைப் பற்றிய அதன் செய்திகளை எடுத்தாள்வோர், அவற்றுடன் பிணைந்துள்ள அளவை நோக்கினையும் அறிந்தே எடுத்தாளுதல் வேண்டும்.

மும்பையின் மறுமொழி

ரிசுலியின் கூற்றுக்கு வலுவான மறுமொழிகள் பம்பாயோடு தொடர்புடைய மூவரிடமிருந்து வந்தன. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயிற்றுவித்த ஜி. எஸ். குர்யே 1932-இல் வெளியிட்ட இந்தியாவில் சாதியும் இனமும் என்னும் நூலில் ரிசுலி முதலானோரின் அளவைகளையே மீண்டும் கணக்கிட்டார். சாதித் தரத்திற்கும் மூக்கு அளவிற்கும் ரிசுலி கண்ட இயைபு, வடபுலத்தின் ஒரு பகுதி நீங்கலாகப் பிற இடங்களில் அமையவில்லை என்பது அவர் கண்ட முடிவு. பம்பாய், சென்னைப் பகுதிகளில் உயர்சாதியினரும் பிறரும் தத்தம் நிலத்து அண்டை அயலாரையே உடலமைப்பில் ஒத்திருந்தனர்.

குர்யேயின் மாணவியாகப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற இராவதி கார்வே, பெர்லினில் யூஜென் ஃபிஷரின் வழிகாட்டலில் மண்டையோட்டின் இடவல ஒவ்வாமை பற்றி ஆய்ந்தார். ஐரோப்பியர் மண்டையோட்டில் இவ்வொவ்வாமை மிகுதி என்பதும், அஃது அவர்தம் அறிவு மேன்மையின் அடையாளம் என்பதும் ஃபிஷரின் கருதுகோள். கார்வே அளந்த மண்டையோடுகள் அதற்குச் சான்று பகரவில்லை. வழிகாட்டியின் விருப்பத்திற்கு மாறான அம்முடிவை அவர் மறைக்காமல் எழுதினார். பின்னாளில் புனே தக்காணக் கல்லூரியில் பணியாற்றியபோது அவர் மகாராட்டிர மக்களையும் அளந்தார். ஒரே சாதிப்பெயர் தாங்கிய பிரிவுகளே தம்முள் வேறுபட்டமையை அவ்வளவைகள் காட்டின.

மூன்றாமவர் அண்ணல் அம்பேத்கர். தீண்டாமையின் தோற்றம் பற்றி 1948-இல் வெளியிட்ட தம் நூலில், குர்யே தொகுத்த மூக்குக் குறியீடுகளையே எடுத்துக்கொண்டு, தீண்டாமைக்கு இனவேறுபாடு காரணம் என்னும் கொள்கையை மறுத்தார். மனித அளவையியல் நம்பத்தகும் அறிவியலாயின், அது பிராமணரும் தீண்டத்தகாதவர் எனப்பட்டோரும் ஒரே இனத்தவர் என்றே மெய்ப்பிக்கிறது என்பது அவர்தம் வாதத்தின் சாரம். எதிரியின் படைக்கலத்தைக் கொண்டே எதிரியை வென்ற வாதம் இது.

இங்கு ஒரு நுண்ணிய வினா எழுகிறது. அளவைகள் எதிர்மாறாக அமைந்திருந்தால் என் செய்வது? இரு பிரிவினரின் மூக்கும் மண்டையும் உண்மையிலேயே வேறுபட்டிருந்தால் தீண்டாமை நியாயமாகிவிடுமா? ஆகாது என்பதில் ஐயமில்லை. அம்பேத்கரின் வாதத்திலும் ‘ஆயின்’ என்னும் நிபந்தனைச் சொல் முதன்மையானது. அளவையை அவர் சமத்துவத்திற்கு அடித்தளமாக்கவில்லை. தீண்டாமைக்கு அடித்தளமாகக் காட்டப்பட்ட பொய்யை அகற்றுவதற்கு மட்டுமே கையாண்டார். மனித சமத்துவம் அளவைகளின் தயவில் நிற்பதாயின், அடுத்த ஆய்வு வேறு எண்ணைத் தரும்போது அது சரிந்துவிடும். தீய கொள்கைக்கு நாட்டப்பட்ட பொய்க்காலை முறிக்க அறிவியலால் இயலும். நல்ல கொள்கைக்கு வேர் ஊன்றுதல் அறத்தின் பணி. குர்யே, கார்வே, அம்பேத்கர் ஆகியோரின் பணியை இவ்வெல்லையோடு புரிந்துகொள்ளுதல் பொருத்தமாகும்.

மரபியலின் வகைப்பாடு

மேலை அளவையியல் உடலுறுப்பைக் கொண்டு உயிர்களை வகைப்படுத்த, தொல்காப்பிய மரபியல் அறியும் திறத்தைக் கொண்டு வகைப்படுத்துகிறது. ஊறு, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி, மனம் என அறிவு ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுவது அதன் முறை. புல்லும் மரமும் ஓரறிவுயிர், மக்கள் ஆறறிவுயிர். இதனைக் கொண்டு தொல்காப்பியர் டார்வினுக்கு முன்பே படிமலர்ச்சியைக் கண்டார் எனக் கூறும் கட்டுரைகள் பலவுள. அது பொருந்தாது. ஓர் உயிர் காலப்போக்கில் மற்றோர் உயிராதல் என்னும் கருத்து மரபியலில் இல்லை; அங்குள்ளது வகைப்பாடே. வாலில்லாக் குரங்கினத்தைத் தமிழ்நிலம் அறிந்ததுமில்லை. மரபியல் பேசும் குரங்கு, முசு, ஊகம் ஆகியவை வேறு வகையின. இல்லாத பெருமையை ஏற்றுவதால் நூலுக்குப் பெருமை கூடுவதில்லை.

மரபியலின் உண்மையான பெருமை வேறிடத்தில் உள்ளது. அந்நூல் இளமைப் பெயர்களை வரையறுக்குமிடத்து, மக்களுக்குக் குழவி, மகவு என்னும் இரு பெயர்களே உரியன என்கிறது. இவ்விரண்டும் மக்களுக்கே தனியுரிமையா என நோக்கின், அல்ல என்பது புலனாகும். யானைக்குரிய குழவி என்னும் பெயர் குரங்கு, முசு, ஊகம் மூன்றற்கும் பொருந்தும் என அதே இயல் கூறுகிறது. மகவு என்னும் பெயரும் மரக்கிளையில் வாழும் குரங்கிற்கு உடன்படப்பட்டுள்ளது. மனிதக் குழந்தைக்கென வகுத்த இரு பெயர்களையும் குரங்கின் குட்டியும் பெறுகிறது. முதுமையில் வேறுபடும் இரு மண்டையோடுகள் இளமையில் ஒத்திருத்தலை உடற்கூற்றியல் பின்னாளில் கண்டது. இளமைப் பெயரின் ஒற்றுமையை இலக்கணம் முன்னரே பதிந்தது. இரண்டிற்கும் காரணத்தொடர்பு இல்லை. எனினும் மடியில் கிடக்கும் உயிரிடத்துத் தமிழ்வழக்கு எல்லைக்கோடு போடவில்லை என்பது எண்ணத்தக்கது. விலங்குகளுள் ஒருசாரன ஆறாம் அறிவும் உடையன எனக் கொள்ளும் கருத்தும் மரபியல் பாடத்தில் உண்டு. உரைமரபு அதற்குக் குரங்கினை எடுத்துக்காட்டுவதுண்டு.

ஆயினும் தமிழ்மரபு முற்றிலும் குற்றமற்றது எனக் கூறுதல் இயலாது. மக்கள், மாக்கள் என்னும் பிரிவு மனிதருள்ளும் செல்கிறது. மன உணர்வு குன்றியோரை மாக்கள் என ஐயறிவுயிர்களோடு வைத்தெண்ணும் வழக்கு, தவறானவர் கையில் காம்பரின் வரிசையைப் போன்றே பயன்படக்கூடும். இவ்விடரை மறைத்துவிட்டு மரபைப் போற்றுதல் ஆய்வுநெறியாகாது.

திருக்குறள் இவ்விடத்துத் துணைபுரிகிறது. பண்புடைமை அதிகாரத்தில், உறுப்பால் ஒத்திருத்தல் மக்களோடு ஒத்திருத்தல் ஆகாது, பண்பால் ஒத்தலே ஒப்பு என வள்ளுவர் கூறுகிறார். கயமை அதிகாரம், கயவர் புறத்தோற்றத்தில் மக்களைப் போன்றே இருத்தலை வியப்போடு சுட்டித் தொடங்குகிறது. உடலமைப்பு மனிதத் தகுதிக்குச் சான்றன்று என்னும் கருத்து இவ்விரு இடங்களிலும் தெளிவுபடும். பண்பில்லாரை மனித எல்லையிலிருந்து விலக்க இக்கருத்து வழிகோலாதா எனின், ஈண்டு ஒரு வேறுபாடு உணரத்தக்கது. அளவுகோல் பிறரை நோக்கி நீட்டப்படுவது. அளக்கப்படுபவர் அதனை மாற்றவியலாது. அறநூல் படிப்பவரையே நோக்கி வினவுவது. அவர் நினைத்தால் தம்மை மாற்றிக்கொள்ள இயலும். நீ மக்களுள் ஒருவனா என்று ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்ளும்போது அஃது அறம். அதே வினாவைப் பிறனது தலையின்மேல் கருவியை வைத்துக் கேட்கும்போது அது வன்முறை.

ஆதிச்சநல்லூரும் கொந்தகையும்

இவ்வேறுபாட்டின் தேவை தமிழாய்வில் இன்று மிகுந்துள்ளது. தமிழகத்தின் மிகப் பழைய மாந்தச் சான்று மண்டையோடு அன்று, கல். இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டார். அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழைமையுடையன எனச் சாந்தி பப்புவின் குழுவினர் 2011-இல் நிறுவினர். அக்கருவிகளைச் செய்தோரின் மண்டையோடு ஒன்றும் அங்குக் கிடைக்கவில்லை. அவர்தம் தலை எவ்வடிவினது என்பது அறியப்படாமலே, கை செய்த வேலை அவர்களை அடையாளப்படுத்துகிறது.

மண்டையோடுகள் கிடைத்த இடம் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர். 1876-இல் செருமானியர் யாகோர் அங்கு அகழ்ந்தெடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த மண்டையோடுகளை ஆராய்ந்து, சோலி சுக்கர்மன் 1930-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக அறிக்கை தந்தார். இவர் குரங்கினங்களின் வாழ்வு பற்றி 1932-இல் பெயர்பெற்ற நூல் எழுதியவர். பின்னாளில், தாவுங் குழந்தையின் இனம் மனிதக் கிளையைச் சார்ந்ததன்று, குரங்கினமே என அளவைகளைக் கொண்டு பல்லாண்டு வாதிட்டவரும் இவரே. அறிவியல் உலகம் அம்முடிவினை ஏற்கவில்லை. அளவையில் தேர்ந்தவரும் அளவையின் பொருளில் வழுவக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைச் சிலவற்றை ஓர் இனமாகவும் சிலவற்றை வேறோர் இனமாகவும் அவர் காலத்து அறிவியல் பிரித்தது. சில தலைகளைக் கொண்டு இனப்பெயர் சூட்டும் அம்முறையை இன்றைய மானிடவியல் கைவிட்டுவிட்டது. மனிதரின் மண்டையோட்டு வேறுபாடுகளுள் பெரும்பங்கு ஒரே மக்கள்தொகுதிக்குள்ளேயே அமைந்திருத்தல் அதற்கொரு காரணம்.

2004-05-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தி. சத்தியமூர்த்தி தலைமையில் நிகழ்ந்த அகழாய்வில் நூற்றுக்கு மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரு ஆண் மண்டையோடுகளைக் கொண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் சான் மூர்சு பல்கலைக்கழகத்து ஆய்வகம் மீட்டுருவாக்கிய முகங்கள் 2025-இல் வெளியாயின. இவை போற்றத்தக்க முயற்சிகள். ஆயின் எலும்பு சொல்வது எது, சொல்லாதது எது என்னும் தெளிவு வேண்டும். தசையின் தடிப்பையும் தாடையின் வடிவையும் எலும்பு ஓரளவு உணர்த்தும். தோலின் நிறத்தையும் தலைமயிரின் இயல்பையும் அது கூறாது. அவர் பேசிய மொழியைக் கூறவே கூறாது. மண்டையோட்டில் தமிழ் எழுதப்பட்டிருப்பதில்லை. தமிழ் எழுதப்பட்டிருப்பது பானையோட்டில்.

அம்முகங்களுக்கு உரியவர் வழியினர் யார் என்னும் வினாவிற்கும் விடை எளிதன்று. தாமிரபரணிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழில் நாடிச் சென்று தாராவியில் குடியேறியோர் பலர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பின்னர் நவிமும்பையிலும் தமிழ்க்குடும்பங்கள் பரவின. தானே கழிமுகத்தின் கீழ்க்கரையில், ஆக்ரி, கோலி மக்களின் பழைய ஊர்களுக்கிடையே எழுந்த சான்பாடாவின் தொடர்வண்டி நிலையத்தில் மராட்டியரும் தமிழரும் மலையாளியரும் பிகாரியரும் ஒரே பெட்டியில் ஏறுகின்றனர். ரிசுலியின் கருவியைக் கொண்டு அக்கூட்டத்தில் ஆதிச்சநல்லூரின் வழித்தோன்றலைப் பிரித்தெடுக்க முற்படுவோர் தோற்பது உறுதி. வாய்திறந்து ஒரு சொல் பேசினால் அவர் எந்த ஊரினர் என்பதைத் திருநெல்வேலியார் உடனே அறிவர். மரபு தலையின் வடிவில் கடத்தப்படுவதன்று. தலைக்குள் கற்பிக்கப்பட்டதில் கடத்தப்படுகிறது.

முடிவுரை

மனித மண்டையோடும் வாலில்லாக் குரங்கின் மண்டையோடும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடு அளக்கத்தக்கது, காலத்தால் விளக்கத்தக்கது. அது கிளைகளின் பிரிவைக் காட்டுகிறது. மேல்கீழ்ப் படிகளைக் காட்டுவதில்லை. தமிழில் கிளை என்னும் சொல் மரத்தின் பிரிவையும் சுற்றத்தையும் ஒருங்கே குறிக்கும். பிரிந்தவை உறவாகவும் இருக்கும் என்னும் படிமலர்ச்சியின் உண்மையைச் சுட்ட இதனினும் பொருத்தமான சொல் அரிது.

அவ்வளவுகோலை மனிதரைத் தரம் பிரிக்கக் கையாண்ட அறிவியல் அளவையாலேயே வீழ்த்தப்பட்டது. ஆயினும் சமத்துவம் அவ்வெற்றியைச் சார்ந்து நிற்பதன்று. சிறுத்த தலையோடு பிறந்த குழந்தையும் மகவே. அத்தகுதியை அதற்கு அளித்தது மூளையின் கொள்ளளவு அன்று, அதனை ஏந்திய கை. ஆதிச்சநல்லூரிலும் கொந்தகையிலும் இறந்தோரைத் தாழியில் இட்டு, உடன் கலங்களை வைத்துப் புதைத்த மக்கள் அவர்தம் தலையை அளந்து பார்த்து அவ்வாறு செய்யவில்லை. அத்தாழிகளைத் திறக்கும் ஆய்வாளர் மண்டையோட்டை அளக்கலாம், அளக்கவும் வேண்டும். அங்குக் கிடைத்துள்ளவற்றுள் மனிதத் தன்மைக்குச் சிறந்த சான்று எது எனக் கேட்கப்படின், மண்டையோட்டை விடுத்து அதன் அருகில் வைக்கப்பட்டிருந்த கலத்தைச் சுட்டுவதே முறையாகும்.